நாலாம் நம்பர் பீரோ

உத்தமன் வேலை பார்த்த அலுவலகத்துக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. பெங்களூரில் எந்தக் கால்வாய் ஓரம் எத்தனை குடிசை இருக்கிறது, எதில் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி வைப்பது அதன் வேலை. எழுதி வைப்பதோடு வேலை முடிந்தது; அதற்கு மேல் யாருக்கும் எதுவும் செய்ததாகத் தகவல் இல்லை. வாசல் பலகையில் கன்னடத்தில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. இரண்டும் ப்யூரோ என்று முடியும்.

விவேக் நகர்ப் பக்கத்து ஜனங்களின் வாயில் நுழைந்தது அந்தக் கடைசி வார்த்தை ஒன்றுதான். அதையும் தங்கள் வாய்க்குத் தக்கபடி பீரோ என்று ஆக்கிக்கொண்டார்கள். “உத்தமனுக்கு இன்னா கொறச்சல், பீரோவுல வேல” என்பார்கள். “சாயங்காலம் வெளிய உடுவாங்களா, உள்ளயே வெச்சுப் பூட்டிடுவாங்களா?” என்று டீக்கடையில் கேலி செய்பவர்களும் உண்டு. உத்தமன் சிரித்துவிட்டுப் போவான். அட்டெண்டர்தான், ஆனால் கவர்மெண்ட் அட்டெண்டர். அந்தத் தெருவில் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வேலைக்குப் போகிற ஆள் அவன் ஒருவன்தான்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னவர் சூப்பரிண்டெண்டண்ட் வெங்கடராமன். வேலை நேரத்தில் வேலையைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் விளக்கமாகச் சொல்லக்கூடிய மனிதர்.

“பீரோன்னா மொதல்ல துணிப்பா, உத்தமா. பிரெஞ்சுக்காரன் மேஜை மேல விரிக்கிற முரட்டுக் கம்பளித் துணி. அப்பறம் அந்தத் துணியோட பேரு மேஜைக்கு வந்துது. மேஜையோட பேரு மேஜை போட்ட ரூமுக்கு வந்துது. ரூமோட பேரு, உள்ள உக்காந்துண்டு உத்தரவு போடறவாளுக்கு வந்துது. இதான் நம்ம ஆபீஸ்.”

“அப்ப இந்த இரும்புப் பொட்டி சார்?”

“அது அந்த மேஜைக்குத் தூரத்துச் சொந்தம். மேஜைக்கு டிராயர் வெச்சான். டிராயர் மேல டிராயர் வெச்சான். நம்ம ஊருக்கு வந்து சேரறச்சே நெட்டுக்குத்தா நின்னுடுத்து.”

உத்தமன் அன்றைக்கே இதைத் தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பான். துணி, மேஜை, அறை, அதிகாரி என்று விரல் மடக்கிச் சொல்வான். அந்த வரிசையில் துணியைத் தட்டி விரிக்கிறவனுக்கு எந்தப் பெயரும் வரவில்லை என்பது அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

நம் வீடுகளில் பீரோ என்றால் என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெம்போவில் நிற்க வைத்து, நாலு பேர் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணுக்குப் பின்னாலேயே வந்து சேர்வது அது. பட்டுப் புடவை அதில்தான். பிள்ளைகளின் மார்க் சீட்டு, ரேஷன் கார்டு, செத்துப் போனவரின் கைக்கடிகாரம் எல்லாம் அதில்தான். வைத்தவர் கையால் திறந்தால், வைத்தது வைத்த இடத்தில் அந்துருண்டை வாசனையோடு இருக்கும். அலுவலக பீரோ அப்படிப்பட்டதில்லை. அதில் வைக்கிறவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் இன்னொருவர், கையெழுத்துப் போடுகிறவர் மூன்றாமவர், தேடி அலைகிறவர் யாரோ. இருபது வருஷம் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த உத்தமன், இரண்டையும் ஒன்றென்று நம்பினான். அவன் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அலுவலகத்தில் பதினோரு பீரோ இருந்தது. கீழ்த்தட்டுகளில் அரசாங்கக் காகிதம், மேல்தட்டில் ஊழியர்களின் சொந்தச் சாமான் என்பது அங்கே எழுதாத சட்டம். ஒருவர் குடை வைத்திருப்பார், ஒருவர் மகளின் ஜாதகம், இன்னொருவர் மாமியாருக்குத் தெரியாமல் வாங்கிய புடவை. யாரும் யாரையும் கேட்பதில்லை. உத்தமனுக்கு மட்டும் வைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது, தொண்ணூற்று மூன்றாம் வருஷ மழை வரும்வரை.

அவனுடைய அக்கா லட்சுமம்மா விவேக் நகருக்குப் பின்னால் ராஜ கால்வாய் ஓரத்தில் குடியிருந்தாள். கார்மெண்ட்ஸில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. புருஷன் போன பிறகு, பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கு இருந்தது ஓட்டு வீடு ஒன்று, தம்பி ஒருவன். பதினொரு வருஷம் அலைந்து அந்த வீட்டுக்கு ஹக்குப் பத்திரம் வாங்கியிருந்தாள். இந்த இடம் இன்னாருடையது என்று அரசாங்கம் போட்டோ ஒட்டி முத்திரை குத்திக் கொடுக்கும் காகிதம் அது. மழையில் கால்வாய்த் தண்ணீர் முழங்கால் மட்டும் வீட்டுக்குள் ஏறியது. டிரங்குப் பெட்டி மிதந்தது. பத்திரத்தைத் தலைமேல் பிடித்துக்கொண்டு அரை நாள் நின்றிருந்தாள்.

மறுநாள் பார்க்கப் போன உத்தமன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

“குடுக்கா, எங்க ஆபீஸ்ல வெக்கறேன். இரும்பு பீரோ, பூட்டு, வாசல்ல வாட்ச்மேன். ஆபீஸ் பேரே பீரோ. இதவிட பத்திரமான எடம் எங்க கீது?”

“ரசீது கிசீது குடுப்பாங்களாடா?”

“நான் உள்ளாளுக்கா. எனக்கே ரசீதா?”

லட்சுமம்மா காகிதத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்தாள். “மானம் போனாலும் பரவால்ல, இது போவக் கூடாது” என்று சொல்லித்தான் கொடுத்தாள். வெங்கடராமனிடம் தலையைச் சொறிந்துகொண்டு அனுமதி வாங்கி, உத்தமன் அதை ஏழாம் நம்பர் பீரோவின் மேல்தட்டில் வைத்தான். வெங்கடராமன் பூட்டினார். அதே மாதம், சரிபார்ப்பதற்காக அசலைக் கொண்டுவந்து கொடுத்த வெளியாட்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு ரசீது வாங்கிப் போனார்கள். அடுத்த வருஷம் ரசீதைக் காட்டி அசலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உள்ளாளின் அக்காவுக்கு மட்டும் ரசீது இல்லை.

மூன்று வருஷம் கழித்து அலுவலகத்தை முதல் மாடியிலிருந்து பின்கட்டுக்கு மாற்றினார்கள். கூலிகள் பீரோக்களைக் கயிறு கட்டி இறக்கி, இடம் கிடைத்த வரிசையில் நிறுத்தினார்கள். பழைய பச்சையின் மேல் சாம்பல் நிறத்தை அடித்த பெயிண்டர், சுவரோரம் நின்ற வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று புது நம்பர் போட்டுக்கொண்டே போனான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் உத்தமன்தான். ஏழு நாலாகிவிட்டது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. பீரோ என்பது நம்பரோடு பிறந்தது என்று நினைத்திருந்தானோ என்னவோ.

அந்த மாதமே வெங்கடராமனுக்கு மைசூருக்கு மாற்றல் வந்தது. பதினோரு பீரோவுக்கு ஒன்பது சாவியை ஒப்படைத்துவிட்டு, மீதி இரண்டைத் தேடித் தபாலில் அனுப்புவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தபால் இன்னும் வந்து சேரவில்லை.

“காயிதம் கீதாடா?” என்று லட்சுமம்மா அவ்வப்போது கேட்பாள்.

“ஏழாம் நம்பர்ல கீதுக்கா. தெனம் அது மூஞ்சிலதான் முழிக்கறேன்.”

பொய்யில்லை. தினம் காலையில் ஏழு என்று எழுதிய பீரோவைத் துடைக்கும்போது ஒரு தட்டு கூடவே தட்டுவான்.

அரசாங்கத்தில் ஒரு நாற்காலிகூட சும்மா சாக முடியாது. கால் உடைந்தாலும், துருப்பிடித்தாலும், ‘கண்டம்’ செய்தால்தான் அது செத்ததாகக் கணக்கு. அதற்கு ஒரு படிவம் உண்டு. ‘மேற்கண்ட சாமான்கள் எங்கள் முன்னிலையில் திறந்து சோதிக்கப்பட்டன, காலியாக இருந்தன, உபயோகத்துக்கு லாயக்கில்லை’ என்று கன்னடத்தில் அச்சடித்திருக்கும். கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அதிலே ஒன்று எப்போதும் உத்தமனுடையது. மின்விசிறி, டைப் மிஷின், சைக்ளோஸ்டைல் மிஷின் என்று எத்தனையோ சாவுகளுக்குத் தொடைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எதையும் திறந்து பார்த்ததாக அவனுக்கு நினைவில்லை. திறந்து பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

தொண்ணூற்றெட்டில், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் சாயங்காலம், கிளார்க் வீணா பட்டியலோடு வந்தாள். கோலார்க்காரி, தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசுவாள்.

“அண்ணா, ஒந்து சைன். நாலு பீரோ கண்டம். நாளன்னிக்குக் காலைல லாரி பர்த்தே.”

“எல்லாத்தையும் தெறந்தாச்சாம்மா?”

“நாலாம் நம்பருக்குச் சாவி இல்ல. மைசூருக்கு லெட்டர் போட்டு, அது வந்து... யாரிகெ கொத்து, யாருக்குத் தெரியும்? உள்ள என்ன இருக்கப் போகுது? பல்லி இருக்கும்.”

உத்தமன் சிரித்தான். அவள் கையில் பூஜைக்கு வாங்கிய பூசணிக்காய் வேறு இருந்தது. அவளுக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டான். கன்னடத்தில், சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து. அந்தக் கையெழுத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

லாரி வந்த அன்று அவனும் ஒரு கை பிடித்து ஏற்றினான். நாலாம் நம்பரைச் சாய்க்கும்போது உள்ளே ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. தட்டு கழன்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையைத் துடைத்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் கால்வாயை அகலப்படுத்தப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். கரையோர வீடுகள் எல்லாம் இடிபடும். ஹக்குப் பத்திரத்தின் அசலைக் காட்டுகிறவர்களுக்கு மாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. அசல் இல்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்று வாரக் கெடு. லட்சுமம்மா பதறவில்லை. தம்பியின் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “எடுத்தாந்து குடுடா, வேள வந்துடுச்சு” என்றாள்.

மறுநாள் ஏழாம் நம்பர் பீரோவைத் திறக்கச் சொல்லி உத்தமன் மேல்தட்டில் கையை விட்டான். ஒரு குடை, இரண்டு டீ கப், யாரோ குழந்தையின் ஸ்வெட்டர். கீழ்த்தட்டையும் பார்த்தான். தள்ளி நின்று எல்லாப் பீரோவையும் எண்ணினான். பதினொன்று இல்லை, ஏழுதான் இருந்தது. அப்போதுதான் வரிசையும், பெயிண்டரும், அவனுக்கு வாங்கிக் கொடுத்த டீயும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பழைய ஏழுதான் நாலாம் நம்பராகி லாரி ஏறிப் போயிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வீணா பழைய ஃபைலை எடுத்து அவன் முன்னால் விரித்தாள்.

“பாருங்க. தெறந்து பார்த்தோம், காலி. இது உங்க சைன் தானே?”

“என் சைன்தான்மா. ஆனா தெறக்கலையே. உனக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாதே அண்ணா.”

“ஒரு லெட்டர் எழுதித் தரேன். பூட்டித்தான் இருந்துச்சு, உள்ள எங்க அக்கா பத்திரம் இருந்துச்சுன்னு. நீயும் ஆமான்னு சொல்லு. அத வெச்சு வீடு குடுக்கற ஆபீஸ்ல காட்டலாம்.”

வீணா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சொந்தப் பேப்பரை சர்க்கார் பீரோவுல ஏன் வெச்சேன்னு மொதல் கேள்வி வரும். பார்க்காம ஏன் சைன் போட்டேன்னு ரெண்டாவது கேள்வி. உங்களுக்கு ரிட்டையர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம். எனக்கு இருபது வருஷம் இருக்கு. என்கொயரின்னு வந்தா ரெண்டு பேரும் வீட்டுல. அதனால உங்க அக்காவுக்கு வீடு வந்துடுமா, சொல்லுங்க?”

வராது என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் எழுதியிருக்கலாம். ராத்திரி முழுக்க எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். காலையில் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது அந்த நினைப்பு போய்விட்டது. அதை நினைத்து வெட்கப்பட்டான், ஆனாலும் எழுதவில்லை.

லட்சுமம்மாவிடம் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இரண்டு பேருமாக வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்குப் போனார்கள். பத்திரத்துக்கு அவள் எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸை நீட்டினார்கள். “இந்தத் தெருவுல மட்டும் மூணு லட்சுமம்மா. மூணு பேரும் ஜெராக்ஸ் கொண்டுவந்தா நான் யாருக்கு வீடு குடுக்க?” என்றார் அங்கிருந்தவர். டூப்ளிகேட் வேண்டுமென்றால் போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், ஆறு மாசம். போலீஸ் ஸ்டேஷனில், எங்கே தொலைந்தது என்று கேட்டார்கள். கவர்மெண்ட் ஆபீஸில் என்று உத்தமன் சொன்னதும் ஏட்டு பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்தப் பீரோவை ஏலத்தில் எடுத்தது யார் என்று தேடிப் பிடிப்பது. பட்டியலில் ஃபாத்திமா என்று ஒரு பெயரும், பிரேசர் டவுனில் ஒரு பழைய சாமான் கடையின் விலாசமும் இருந்தன. கெடுவுக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்காவும் தம்பியும் பஸ் ஏறிப் போனார்கள். வழி நெடுக உத்தமன் பேசிக்கொண்டே வந்தான். அந்தம்மா பூட்டை உடைத்திருந்தாலும் காகிதத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாள், முத்திரை போட்ட காகிதம் ஆயிற்றே என்றான். லட்சுமம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. வாசல் வரை கட்டில்களும் ஸ்டீல் மேஜைகளும் அடுக்கியிருந்தன. ஃபாத்திமாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு ஒரு நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தாள். லட்சுமம்மா சொல்லச் சொல்ல அவள் கை நின்றுவிட்டது.

“ஹௌ, ஆமா, ஞாபகம் இருக்கே! மூணு வருஷம் முன்னாடி. நாலு பீரோ எடுத்தேன். ஒண்ணுக்குப் பூட்டு. ஆளு வெச்சு உளியால உடைச்சோம். உள்ள செவப்பு நாடா கட்டின கட்டு ரெண்டு, மேல ஒரு பிளாஸ்டிக் கவர். கவர்ல ஒரு காயிதம், போட்டோ ஒட்டியிருந்துச்சு.” லட்சுமம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதான்மா அது. இன்னும் கொஞ்சம் எளசா, மூக்குத்தி போட்டிருந்தீங்க.”

லட்சுமம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எங்கம்மா அது? குடுத்துடும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“எங்கிட்ட இல்லியேம்மா.” ஃபாத்திமா பிரம்பைக் கீழே வைத்தாள். “எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. ஆனா முத்திரை தெரியும். யாரோ ஏழை பாழைங்க காயிதம்னு மனசுக்குப் பட்டுச்சு. ஒரு கோணிப்பையில போட்டு, ஆட்டோ புடிச்சு, அந்த ஆபீசுக்கே கொண்டுபோனேன். ஒரு தடவை இல்லம்மா, ரெண்டு தடவை போனேன். வாங்கலையே.”

“வாங்கலையா? யாரு வாங்கல?” என்று உத்தமன் கேட்டான். குரலில் கோபமே வந்துவிட்டது. “எந்த ஆபீசர்? பேரு சொல்லுங்க, நான் கேக்கறேன்.”

“ஆபீசர் வரைக்கும் எங்கே விட்டாங்க? வாசல்லயே. மொத நாளு, சார் மீட்டிங்ல கீறாரு, நாளைக்கு வான்னாங்க. மறுநாளும் போனேன். கோணிப்பையைத் தெறந்துகூடக் காட்டினேன். ‘அந்தப் பீரோ காலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. காலி பீரோவுல காயிதம் எப்பிடி வரும்? எங்கயோ பொறுக்கிட்டு வந்து இங்க கொட்டாதே, எடுத்துக்கினு போ’ன்னாங்க. நான் பேசப் பேச...”

ஃபாத்திமா சட்டென்று நிறுத்தினாள். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். உத்தமனின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். இடது காதுக்குக் கீழே இருந்த பெரிய மருவைப் பார்த்தாள்.

“நீங்கதானே?” என்றாள். “ஸ்டூல்ல உக்காந்துக்கினு இருந்தீங்க. நீங்கதானே என்னைத் தொரத்தினீங்க?”

“நானா? இல்லம்மா. வேற யாராவது இருப்பாங்க.”

“ஸ்டூல்ல வேற யாரு உக்காருவா?” என்று கேட்டது ஃபாத்திமா இல்லை, லட்சுமம்மா.

உத்தமன் நினைவுபடுத்திப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். கோணிப்பையோடு ஒரு பெண். புர்கா போட்டிருப்பாள். வெயில் நேரமாக இருக்கும். ஒன்றும் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை பை, எத்தனை கும்பிடு. எல்லோருக்கும் ஒரே பதில், பாதி சமயம் தலையைக்கூடத் தூக்காமல். பொய் சொல்கிறாள் என்று ஃபாத்திமாமேல் பாய ஒரு விநாடி வாய் துடித்தது. ஆனால் அவள் சொன்ன வார்த்தைகள் அவனுடையவை. பொறுக்கிட்டு வந்து இங்க கொட்டாதே. அதை அவன் தினம் சொல்லுவான்.

“அப்பறம் அந்தக் கட்டை இன்னாம்மா பண்ணே?” என்று லட்சுமம்மா கேட்டாள். தம்பியைப் பார்க்காமல் கேட்டாள்.

“ரெண்டு வருஷம் அந்த ஷெல்ஃப் மேல வெச்சிருந்தேன்மா, அல்லா சத்தியமா. யாராவது தேடிக்கினு வருவாங்கன்னு. யாரும் வரல. போன மழைக்கு இந்தச் சுவரு எறங்கிடுச்சு. எல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. மண்ணோட சேத்து அள்ளிப் போட்டோம்.” ஃபாத்திமாவுக்குக் கண் கலங்கியது. “வீட்டுக் காயிதம்னு தெரிஞ்சிருந்தா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, உங்க வீட்டுக்கே வந்திருப்பேன்மா. கவர்மெண்ட் காயிதம், கவர்மெண்டுகிட்ட குடுக்கணும்னு நெனச்சிட்டேன்.”

“நீ இன்னாம்மா பண்ணுவே. ரெண்டு வாட்டி வந்திருக்கியே.” லட்சுமம்மா அவள் கையைத் தொட்டுவிட்டு எழுந்தாள். ஃபாத்திமா டீ சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுச் சந்தில் நடக்க ஆரம்பித்தாள்.

உத்தமன் பின்னாலேயே ஓடினான். பஸ் ஸ்டாப்புக்கு வந்துதான் அவள் நின்றாள். அங்கே நிழலில் நின்று, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்தம்மா மூஞ்சியப் பாத்தியாடா அன்னைக்கு?”

“இல்லக்கா.”

“கோணிப்பையைத் தெறந்து காட்டினாளாமே. கவர் மேலயே இருந்துச்சாமே. அதையாவது பாத்தியா?”

“பாத்திருந்தா உட்டிருப்பேனாக்கா? உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

“மூஞ்சி தெரியும்டா. நிமுந்து பாக்கணுமே.” அவள் குரல் ஏறவில்லை. “அந்தப் பையை எடுத்துக்கினு நானே வந்து நின்னிருந்தாலும் நாளைக்கு வான்னுதான் சொல்லியிருப்பே.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். தன் அக்கா அந்த வாசலில் வந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தான். தெரிந்தது அவளுடைய காலும் செருப்பும்தான். நடு ரோட்டில், காக்கிச் சட்டையோடு, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிவாஜி நகர் பஸ் திரும்பி வந்து நின்றது. லட்சுமம்மா படியில் கால் வைத்தாள்; கூட ஏற உத்தமனுக்குத் துணிவில்லை. அவளை அப்படியே போகவிட அவனுக்கு மனம் வரவில்லை. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“நாளைக்கு வீட்டுக்கு வரேன்க்கா. பேசிக்கலாம்.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“எந்த வீட்டுக்கு?” என்று கேட்டாள்.

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் கிளம்பியது.